சவலைப் பிள்ளையும் சங்கத்தாரும்

சவலை என்னும் சொல் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருவது. தாய் மறுபடியும் கருவுற்றமையாலோ, அடுத்த சிசு பிறந்துவிட்டமையாலோ, முலைப்பால் மறுக்கப்பட்டு, மெலிந்து, ஓயாது சிணுங்கும் பிள்ளையை நம் பாட்டிமார் சவலைப் பிள்ளை என்றனர். 1933-ம் வருஷத்தில், அக்காலம் கோல்டு கோஸ்டு என்று பெயர் பெற்றிருந்த இன்றைய கானா நாட்டில் வைத்தியம் செய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், கால் வீங்கி, தோல் உரிந்து, மயிர் நிறம் வெளுத்து மாண்டுபோகும் குழந்தைகளைப் பற்றி வைத்திய உலகுக்கு எழுதினார். 1935-ல் அந்நோய்க்கு அவ்வூராரின் கா பாஷையில் வழங்கிய குவாஷியோர்கர் என்ற பெயரையே இட்டார். இளைய குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. ஒருவரை ஒருவர் கண்டறியாத இரண்டு ஜனசமூகங்கள் ஒரே துன்பத்தைப் பார்த்து, அதற்கு ஒரே காரணத்தைக் கண்டிருக்கின்றன. ஆகையால் இப்பாடத்தில் கூறப்போகும் விஷயத்தின் அடிப்படை நம் கிராமத்தாருக்குப் புதிதன்று. அளந்தறியும் முறையும், அளந்தபின் செய்யத்தக்க காரியமுமே புதியன.

குழந்தையின் போஷணை நிலையை மூன்று வகையால் அறிகின்றனர். வயதுக்குத் தக்க உயரம் இல்லாமை முதலாவது. இதனைக் குட்டை வளர்ச்சி என்போம். பல மாதங்களாகத் தொடர்ந்து வந்த குறையை இது காட்டும். உயரத்திற்குத் தக்க எடை இல்லாமை இரண்டாவது, இது மெலிவு. சமீபத்தில் நேர்ந்த பட்டினியையோ நோயையோ இது காட்டும். உயிருக்கு உடனே ஆபத்தானதும் இதுவே. வயதுக்குத் தக்க எடை இல்லாமை மூன்றாவது. முன்கூறிய இரண்டில் எதனாலும் இது உண்டாகலாம். இவற்றுள் குட்டை வளர்ச்சியே கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோருமே குட்டையாக இருப்பின், எவருக்கும் அது குறையாகத் தோன்றுவதில்லை.

2019-ம் வருஷம் முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் குட்டை வளர்ச்சியுடையோர், 19.3 பேர் மெலிந்தோர், 32.1 பேர் எடை குறைந்தோர். தமிழ்நாட்டில் குட்டை வளர்ச்சி நூற்றுக்கு 25. நம் மாகாணம் மேலென்று சந்தோஷப்படலாம். எனினும் நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளை என்பது சிறு கணக்கன்று. மேலும் இது சராசரிக் கணக்கு. சராசரி என்பது பெரிய வீட்டையும் குடிசையையும் ஒன்றாகக் கூட்டி வகுப்பது. தேச முழுமைக்குமாக அதே ஆய்வு கூறுவது யாதெனில், செல்வத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கினரின் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 46 பேரும், முதல் ஐந்தில் ஒரு பங்கினரின் குழந்தைகளில் ஏறக்குறைய 23 பேரும் குட்டை வளர்ச்சியுடையோர் என்பதே. நிலமற்ற கூலிக் குடும்பங்கள், ஊருக்குப் புறம்பே வீடு கட்டி வாழும்படி வைக்கப்பட்டோர், மலைவாசிகள் ஆகியோர் அக்கடைசி வரிசையிலேயே பெரும்பாலும் இருக்கின்றனர். கடன் கொடுக்கும் சங்கத்தில் ஜாமீன் சொல்ல ஆளில்லாத குடும்பங்களும் இவையே என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்வார்களாக.

"எங்கள் பரம்பரையே குட்டை, பிள்ளை எப்படி உயரமாகும்?" என்று கேட்பவர் உண்டு. இக்கேள்விக்கு விடை கிடைத்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1997-ம் வருஷம் முதல் 2003 வரை பிரேஸில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களில், முலைப்பால் நன்கு பெற்று, சுத்தமான சூழ்நிலையில், நோயும் பசியுமின்றி வளர்ந்த குழந்தைகளை அளந்தனர். இந்தியாவில் தென் டில்லியில் அளவு எடுக்கப்பட்டது. ஆறு தேசத்துக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே விதமாக வளர்ந்தனர். அவ்வளவுகளைக் கொண்டே 2006-ல் வளர்ச்சி அட்டவணை வெளியாயிற்று. தாய் தந்தையரின் உயரத்தால் ஒரு குழந்தைக்கும் மற்றொரு குழந்தைக்கும் வேற்றுமை இருக்கும் என்பது மெய். ஆனால் ஒரு தெருப் பிள்ளைகள் முழுவதும் குட்டையாயிருப்பதற்குப் பரம்பரையைக் காரணம் கூறல் பொருந்தாது. தாயே தன் குழந்தைப் பருவத்தில் பசித்து வளர்ந்தவளாயின் அவள் உயரமும் குறைந்தேயிருக்கும். அதனைப் பரம்பரை என்பதைக் காட்டிலும் பழங்கடன் என்பது பொருந்தும்.

அந்த அட்டவணைப்படி, ஆண் குழந்தை பிறக்கும்போது நடுத்தரமாக 3.3 கிலோ எடையிருக்கும். ஆறு மாதத்தில் 7.9, ஒரு வயதில் 9.6, இரண்டு வயதில் 12.2 கிலோ ஆகும். பெண் குழந்தைக்கு இவை முறையே 3.2, 7.3, 8.9, 11.5. சுருங்கக் கூறின் ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பும், ஒரு வயதில் ஏறத்தாழ மும்மடங்கும் ஆகவேண்டும். பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளமுள்ள சிசு, ஒரு வயதில் ஏறக்குறைய 75 ஆகிறது. முதல் வருஷத்தில் 25 சென்டிமீட்டர் வளர்ந்த குழந்தை இரண்டாம் வருஷத்தில் 12 தான் வளர்கிறது. இவ்வளவு வேகமான வளர்ச்சி வாழ்நாளில் மறுபடி வருவதில்லை. நாற்றங்காலில் பயிர் வாடிவிட்டால், நட்டபின் எவ்வளவு எரு இட்டாலும் மகசூல் முழுமையாகாது என்பதை உழவருக்கு நாம் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆறு மாதம் வரையில் ஏழை வீட்டுக் குழந்தையும் பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறது. காரணம், ஏழைக்கும் செல்வருக்கும் முலைப்பால் ஒன்றே. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுத்து, முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஊட்டி, ஆறு மாதம் முடியும் வரை தண்ணீரும் கொடாமல் முலைப்பாலையே கொடுத்துவரின் அக்காலத்திற்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. சிசு பிறந்தவுடன் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுதல் நன்று.

இடர் தொடங்குவது ஏழாம் மாதத்திலே. அதன்பின் தாய்ப்பால் மட்டும் போதாது. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலை நிறுத்தாமலே வேறு ஆகாரமும் வேண்டும். நம் வீடுகளில் கொடுப்பது என்ன? அரிசி நொய்க் கஞ்சி. அதுவும் தெளிந்த நீராக. குழந்தைக்குச் செரிக்காது என்று அஞ்சி நீர்க்க விடுகின்றனர். இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஏழெட்டு மாதக் குழந்தைக்கு முலைப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி உஷ்ண சக்தி தரும் ஆகாரம் வேண்டும். ஒன்பது மாதம் முதல் ஒரு வயது வரை 300. ஒரு வயதுக்கு மேல் 550. நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. 100 மில்லி நீரில் 5 கிராம் அரிசி கரைந்த கஞ்சியாயின் அதில் இருப்பது 17 கலோரியே. 200 கலோரி பெறவேண்டுமாயின் அக்குழந்தை ஒரு லிட்டருக்கும் அதிகமான கஞ்சியைக் குடித்தாகவேண்டும். அதன் வயிறு கொள்வதோ ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லி. வயிறு உப்பி நிரம்புகிறது, குழந்தை தூங்கிவிடுகிறது, தாய் திருப்தியடைகிறாள். முலைப்பாலுக்கும் வயிற்றில் இடமில்லாமற் போகிறது. உடலுக்கோ ஊட்டம் ஏறவில்லை. பசியென்று அழாத பட்டினி இது. இதுவே மிகக் கொடியதென்பது என் கருத்து.

குழைந்த கெட்டியான ஆகாரம் கொடுத்தால் அதே சக்தி சிறிதளவிலேயே அடங்கிவிடும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதமே சரியான பதம். அதனுடன் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 45 கலோரி கூடுகிறது. ஆயினும் அரிசி ஒன்றையே நம்பலாகாது. அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு. பாசிப்பயற்றிலும் நிலக்கடலையிலும் ஏறக்குறைய 24, 25 பங்கு. சோற்றோடு பருப்பைச் சேர்த்துக் குழைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். நிலக்கடலையை முழுதாகக் குழந்தை கையில் கொடுக்கலாகாது, புரையேறிவிடும். வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்துக் கொடுக்க. பூசணம் பிடித்த கடலையை எறிந்துவிடுக. அதில் உண்டாகும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

கேழ்வரகைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அரிசிச் சோறு அந்தஸ்து என்றும் கேழ்வரகுக் கூழ் வறுமை என்றும் ஒரு எண்ணம் நம்மவரிடையே பரவியதால், கேழ்வரகு விளையும் ஊர்களிலும் குழந்தைக்கு அரிசிக் கஞ்சியையே கொடுக்கின்றனர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. முளைகட்டிய கேழ்வரகுக்கு மற்றொரு குணமும் உண்டு. தானியத்தை ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி முளை விட்டபின் உலர்த்தி, இலேசாக வறுத்து மாவாக்கினால், அம்மாவு மிகுதியாகச் சேர்த்தாலும் கூழ் பசைபோல் இறுகுவதில்லை. முளைக்கும்போது உண்டாகும் ஒரு பொருள் மாச்சத்தை உடைத்து நெகிழ்விப்பதே இதற்குக் காரணம். மிகவும் வறுத்தால் அக்குணம் கெடும். ஆகவே குழந்தை எளிதில் விழுங்கக்கூடிய ஒரு கிண்ணக் கூழில் இரு மடங்கு மாவைச் சேர்க்கலாம். இது எந்தச் சீமை டப்பா ஆகாரத்திற்கும் தாழ்ந்ததன்று.

முருங்கைக்கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி இவற்றால் மாலைக்கண் வராது. முட்டையும் சிறுமீனும் உண்ணும் வீடுகளில் அவற்றை ஏழாம் மாதம் முதற்கொண்டே மசித்துக் கொடுக்கலாம். பல் முளைக்கட்டும், பேச்சு வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டாம். முன்கூறிய தேசிய ஆய்வில், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் போதுமான வேளைகளும் போதுமான வகைகளும் உள்ள ஆகாரம் பெற்றவர் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேரே எனக் காணப்பட்டது. இதில் ஏழைகளை மட்டும் குறைகூற இடமில்லை. நெல் மூட்டை அடுக்கிய வீடுகளிலும் குழந்தையின் கிண்ணத்தில் கஞ்சித் தெளிவே இருக்கிறது.

ஆகார ஆராய்ச்சியில் நம் நீலகிரிக்கு ஒரு சிறப்பு உண்டு. குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்தியர் 1920-களில் பல மாகாணத்தார் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்கு வகை வகையாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி கொண்ட சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் நன்றாய்க் கொழுத்தன. அரிசியே பிரதானமான சென்னை மாகாணத்தார் ஆகாரத்தை உண்டவை மிகவும் மெலிந்து நின்றன. குறை அரிசியில் அன்று, அரிசியோடு வேறொன்றும் இல்லாமையிலேயே என்பதை உணர்ந்துகொள்ளவேண்டும். அவருக்குப்பின் ஐக்ராய்டு என்பவர் 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அந்த ஆராய்ச்சி சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

ஆகாரம் சரியாயிருந்தும் எடை ஏறாத குழந்தைகளும் உண்டு. அங்கே தண்ணீரையும் தெருவையும் பார்க்கவேண்டும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் உண்டது ஒட்டாது, பசியும் மந்தமாகும், குடலின் உட்புறம் நைந்து, நல்ல ஆகாரத்தையும் கிரகிக்கும் சக்தி குறையும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையைப் பட்டினி போடும் வழக்கம் பெருந்தீங்கு. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து கலந்து, சிறுகச் சிறுக ஊட்டுக. உப்பு அளவு மிஞ்சலாகாது. ஆகையால் சுகாதார நிலையத்தில் இனாமாகக் கிடைக்கும் பொட்டலத்தை வாங்கி வைத்திருப்பதே மேல். முலைப்பாலையும் வழக்கமான ஆகாரத்தையும் நிறுத்தவேண்டாம். அங்கே கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்றபின்னும் 14 நாள் முடியும்வரை கொடுக்கவேண்டும். நோய் தீர்ந்தபின் இரண்டு வாரம் நாளொன்றுக்கு ஒரு வேளை அதிகமாக ஊட்டினால் இழந்த எடையை மீட்கலாம்.

இனித் தாயைப் பற்றி. கூலி வேலைக்குச் செல்லும் பெண் நடவுக் காலத்தில் பொழுது புலருமுன் வயலில் இறங்குகிறாள். கைக்குழந்தை ஏழெட்டு வயதுச் சிறுமியின் இடுப்பில் விடப்படுகிறது. அச்சிறுமியின் பள்ளிக்கூடமும் போயிற்று, குழந்தையின் பாலும் போயிற்று. ஒரு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை பொறுமையாக உட்கார்ந்து ஊட்டவேண்டும் என்று நாம் உபதேசம் செய்கிறோம். யார் ஊட்டுவது? இக்கேள்விக்கு விடை கூறாத ஆகாரப் பிரசங்கம் காகிதத்தோடு நின்றுவிடும். உழைக்கும் பெண்ணின் நேரமும் ஒரு போஷணைப் பொருளே. 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறக்கும் சிசு, கருவிலேயே பசித்த சிசு. ரத்தக்குறைவுடன் கடைசி மாதம் வரை களை எடுத்த தாய் அதற்குச் சான்று.

சர்க்கார் முயற்சிகள் பல. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது; 1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளி மதிய உணவு மாகாணத்தில் பரவியது; 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்து இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவருக்கும் அளித்தார். இவற்றால் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் தொகை மிகுந்தது, பசியும் தணிந்தது. ஆனால் குட்டை வளர்ச்சி பெரிதும் நேர்வது இரண்டு வயதுக்குள். பள்ளிக்கூடத்துத் தட்டு வந்துசேருமுன் அப்பருவம் கடந்துவிடுகிறது.

அப்பருவத்தை நோக்கி நேரே சென்றது 1980-ல் உலக பாங்கியின் கடனுதவியுடன் மதுரை ஜில்லாவில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஊரிலேயே ஒரு பெண் ஊழியர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, அட்டையில் புள்ளியிட்டுக் கோடு இழுத்தார். கோடு மேலே செல்லாத குழந்தைக்கு மாத்திரம் சத்துருண்டை கொடுத்து, 90 நாளில் போதிய எடை ஏறியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் சிறிது என்னும் முறையை விட்டு, வேண்டுவோருக்கு வேண்டுங்காலத்தில் என்னும் முறையைக் கொண்டமையே இதன் நுட்பம். கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. நடுத்தரக் குறைவு அவ்வளவாகக் குறையவில்லை. சத்துருண்டையால் ஆவது ஒரு பகுதி, வீட்டு அடுப்பால் ஆவது மறுபகுதி என்பது இதனால் விளங்கும். அத்திட்டத்தின் எடை பார்க்கும் வழக்கம், 1975-ல் தொடங்கிய அங்கன்வாடிகளில் இன்றும் நடைபெறுகிறது. ஆறு மாதம் முதல் குழந்தைகளுக்குச் சத்துமாவும் அங்கேதான் கிடைக்கிறது.

நிற்க. இதில் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பால் சங்கத்திலிருந்தே தொடங்குவோம். சங்கங்களைப் பரிசோதிக்கச் செல்லுங்கால், காலை ஐந்தரை மணிக்குக் குடத்துடன் வரிசையில் நிற்கும் பெண்களைக் காண்கிறோம். கறந்த பாலில் கடைசிச் சொட்டு வரை வரிசைக்கு வந்துவிடுகிறது. பால் பணம் வட்டிக்கும் தீவனத்துக்கும் போகிறது. மாடு வைத்திருக்கும் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை கறுப்புக் காப்பி குடிக்கிறது. பால் ஊற்றுவது அதிகமானதைக் கொண்டு சங்கத்தின் அபிவிருத்தியை அளக்கிறோம். பதிவேட்டில் அதற்கே பத்தி உண்டு. வீட்டில் நிறுத்தியதற்குப் பத்தி இல்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையுள்ள அங்கத்தினர், நாளொன்றுக்கு ஒரு தம்ளர் பாலை வீட்டில் வைத்துவிட்டு மிகுதியை ஊற்றுவது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் செய்துகொள்ளலாம். எவரையும் கட்டாயப்படுத்தும் தீர்மானமன்று; வரிசையில் குறைவாக ஊற்றும் தாய் வெட்கப்படாமலிருக்கச் செய்யும் தீர்மானம். மாடில்லாத கூலி வீட்டுக் குழந்தைக்குச் சங்கமே உள்ளூர் விற்பனையில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தல் இரண்டாவது படி.

கடன் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. காதுகுத்துக்கும் சீமந்தத்துக்கும் நகை அடகு வைத்துக் கடன் பெறுவோர் பலர். நடவு முடியுமட்டும் பிரசவித்த பெண் வேலைக்குப் போகாமலிருக்கச் சிறுதொகை கேட்டு வந்தவரைக் காண்பது அரிது. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மகப்பேறு உதவியாக 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் சர்க்கார் கொடுத்துவரும் தொகைக்கு மனுச் செய்யக் காரியதரிசி உதவினாலே பெரிய காரியம். நடவு, அறுவடை ஆகிய இரு பருவங்களிலும் களத்தருகே ஒரு கொட்டகையும், ஊட்டத் தெரிந்த முதிய பெண்கள் இருவரும், கொதிக்கவைத்த தண்ணீரும் இருந்தால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் அக்காலத்தைக் கடந்துவிடும். துணைவிதி அனுமதிக்குமாயின் பொதுநன்மை நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாம். இல்லையேல் அங்கத்தினர் வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகும் ஒரு படி பயறும் கொடுத்தாலும் போதும். ஆனால் கொட்டகை ஊரின் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் திறந்திருக்குமாயின் அதைப் போடாமலிருப்பதே மேல். எந்தத் தெருக் குழந்தையின் அட்டையில் கோடு கீழே செல்கிறதோ, அந்தத் தெருவுக்கு எட்டும் இடத்தில் அது அமையவேண்டும்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளன்று பஞ்சாயத்தாரில் ஒருவர் அருகிருந்து உதவுக. தராசு சமதரையில் இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வெறுந்தராசின் முள் சூன்யத்தில் நிற்பதைப் பார்க்கவேண்டும். குழந்தையின் தண்டையையும் கனத்த துணியையும் கழற்றவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உயரத்தைப் படுக்கவைத்தே அளக்கவேண்டும். ஒரு மாதத்து எடை சிறிதாயிருப்பதைப் பற்றி உடனே அஞ்சவேண்டாம். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு ஏறாமல் நின்றால், அக்குழந்தையின் வீட்டுக்குச் சென்று என்ன உண்கிறது, யார் ஊட்டுகிறார், வயிற்றுப்போக்கு வந்ததா என்று விசாரிக்க.

தராசு இல்லாத இடத்தில் புஜத்தின் சுற்றளவே போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவை இறுக்காமல் சுற்றிப் பார்க்கவேண்டும். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊட்டக்குறைவு உண்டு. அன்றைக்கே அங்கன்வாடியில் பதிவு செய்க. 11.5-க்குக் குறைந்தாலும், அளவு எதுவாயினும் இரு பாதங்களிலும் வீக்கம் கண்டு கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தாலும், நாட்டு மருந்தில் நாளைக் கழிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். அத்தகைய குழந்தைக்கு வழியில் வயிறு முட்ட உணவு ஊட்டலாகாது. உடல் சில்லிட்டுப் போகாமல் துணியால் போர்த்து, தாயின் மார்போடு அணைத்துக் கொண்டுசெல்லவேண்டும். முலைப்பால் குடிக்குமாயின் குடிக்கவிடலாம். தாய் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களுக்கு வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது, அவள் கூலி இழப்புக்கு என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன் சங்கத்தார் பேசி முடித்துவிட்டால், அவள் மூன்றாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரமாட்டாள்.